ஐந்து லிட்டர், ஒரு பை: குறைந்துபோன சர்க்கரையைத் தேடி

மெல்பர்னில் இருக்கும் என் சித்தப்பா மகள் தன் வீட்டு அடுப்பில் தானியத்திலிருந்தே பீர் காய்ச்சிப் பார்த்தாள். ஐந்து லிட்டர்தான். கணக்குப்படி காய்ச்சி முடித்ததும் அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.050 காட்டியிருக்க வேண்டும். காட்டியது 1.040. "அண்ணா, பத்து புள்ளி எங்கே போச்சுன்னு புரியல, கொஞ்சம் பாருங்க" என்று தன் குறிப்பேட்டைப் படமெடுத்து அனுப்பினாள். மருத்துவ ஆய்வகத்தில் வேலை செய்பவள் என்பதால் எடை, அளவு, வெப்பம், நேரம் எல்லாம் குறிப்பில் வரிசையாக இருந்தன. அந்தக் குறிப்பு இருந்ததால்தான் இந்த ஆய்வே சாத்தியமானது. வீட்டில் பீர் காய்ச்சத் தொடங்கும் பலருக்கு முதல் முறையில் நடப்பது இதுதான். ஆனால் அளவுகள் எழுதி வைக்கப்படாததால் காரணம் கடைசிவரை தெரியாமலே போய்விடுகிறது.

1.050 என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தண்ணீரின் அடர்த்தி 1.000. அதில் சர்க்கரை கரையக் கரைய அடர்த்தி ஏறும். 1.050 என்பதை ஐம்பது புள்ளி என்பார்கள். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றியதும் அடர்த்தி 1.010 பக்கம் இறங்கிவிடும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை வைத்து ஆல்கஹால் எவ்வளவு என்று கணக்கிடலாம். 1.050-இலிருந்து 1.010-க்கு இறங்கினால் 5 சதவீதத்துக்குச் சற்று மேல்.

அவள் எடுத்துக்கொண்ட முறை

ஆஸ்திரேலியாவில் வீட்டு பீர் என்றால் பெரும்பாலோர் தொடங்குவது டப்பாவில்தான். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) கசப்பும் சேர்த்தே வரும் கெட்டியான மால்ட் பாகை வாங்கி, தண்ணீரும் ஒரு கிலோ சர்க்கரையும் கலந்து, ஈஸ்டைத் தூவி மூடி வைத்தால் முடிந்தது. அடிலெய்டின் கூப்பர்ஸ் நிறுவனத்தின் டப்பாக்கள் சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். அதில் நமக்குப் பெரிய வேலை கிடையாது. சுவையும் நம் கையில் கிடையாது.

தானியத்திலிருந்து செய்வது வேறு. முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட். அதை உடைத்து 65 டிகிரி பக்கத்துச் சூட்டில் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்தால், பார்லிக்குள்ளேயே இருக்கும் நொதிகள் அதன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டித் தரும். இந்த ஊற வைப்புக்கு மாஷ் என்று பெயர். வடிந்து வரும் இனிப்பு நீர் வோர்ட். பழைய முறையில் இதற்கு மூன்று பாத்திரங்கள் வேண்டும்: வெந்நீருக்கு ஒன்று, அடியில் சல்லடை வைத்த மாஷ் தொட்டி ஒன்று, கொதிக்க வைக்க ஒன்று. மாஷ் முடிந்த தானியத்தின் மேல் வெந்நீரை மெல்ல ஊற்றி மிச்சச் சர்க்கரையைக் கழுவி எடுக்க வேண்டும். அதற்கே ஒரு மணி நேரம் போகும்.

2000-களின் நடுவில் ஆஸ்திரேலிய வீட்டுக் காய்ச்சல்காரர்கள் இதை ஒரே பானைக்குச் சுருக்கினார்கள். பானைக்குள் பெரிய மெல்லிய துணிப் பை. முழுத் தண்ணீரும் முதலிலேயே பானைக்குள். தானியம் பைக்குள். ஒரு மணி நேரம் கழித்துப் பையைத் தூக்கி வடியவிட்டால் பானையில் இருப்பது வோர்ட், அதே பானையில் கொதிக்க வைத்துவிடலாம். கழுவும் வேலை கிடையாது. பைக்கு அவர்கள் எடுத்தது ஜன்னல் திரைக்குப் பயன்படும் பாலியெஸ்டர் ‘வாயில்’ (voile) துணி. சூட்டைத் தாங்கும், துளைகள் சீராக இருக்கும், ஈரத்தில் உப்பாது. பருத்தித் துணியை நான் பரிந்துரைக்க மாட்டேன். நனைந்ததும் நூல் உப்பித் துளைகளை அடைத்துக்கொள்ளும், பை வடியாது.

இந்த முறை சிறு அளவுக்கு அழகாகப் பொருந்துகிறது. அவளும் கணவரும் வார இறுதியில் ஆளுக்கு ஒரு பாட்டில் குடிப்பவர்கள். வழக்கமான 20 லிட்டர் காய்ச்சினால் அறுபது பாட்டில் ஆகும். காலியாக மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் ஹாப்ஸ் வாசனை போய்விடும். ஐந்து லிட்டர் என்றால் சமையலறை அடுப்பே போதும், ஒரு கையால் பையைத் தூக்கிவிடலாம், சிங்க்கில் பனிக்கட்டி போட்டு ஆற வைத்துவிடலாம். தவறினால் நஷ்டமும் ஒரு கிலோ மால்ட்தான். கற்றுக்கொள்ள இதைவிடச் சரியான அளவு கிடையாது என்பது என் கருத்து. ஆனால் இந்த அளவுக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு, அதுதான் இந்தக் கதையின் பாதி.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்சலாம், விற்கக் கூடாது, சாராயம் வடிக்கக் கூடாது. சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர்கள் வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை செய்துகொள்ளலாம், அங்கும் வடிக்கத் தடை. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பானையை அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

அவள் அம்மா ஊரிலிருந்து பதறிப்போய்க் கேட்ட கேள்வி வேறு: இதில் விஷம் வராதா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அத்தனை பேர் செத்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் வருவது நியாயம். அங்கே ஆளைக் கொன்றது சாராயத்தில் கலந்த மெத்தனால். பார்லியை ஊற வைத்து ஈஸ்ட் போட்டு நொதிக்க விடும்போது ஆபத்து தரும் அளவுக்கு மெத்தனால் உருவாகாது. பீரை நாம் வடித்துச் செறிவாக்குவதும் இல்லை. வீட்டு பீரில் உண்மையான ஆபத்துகள் இரண்டு: கொதிக்கும் வோர்ட் மேலே கொட்டிக்கொள்வது, நொதித்து முடிவதற்குள் பாட்டிலில் அடைத்து அது வெடிப்பது. இந்த இரண்டிலும் கவனம் வேண்டும்.

அன்றைய குறிப்பு

1.2 கிலோ பேல் (வெளிர்) மால்ட், கடையிலேயே உடைத்துக் கொடுத்தது. 8 லிட்டர் குழாய்த் தண்ணீர். கேஸ்கேட் ஹாப்ஸ், கசப்பு தரும் ஆல்ஃபா அமிலம் 6 சதவீதம். ஒரு மணி நேரக் கொதியின் தொடக்கத்தில் 8 கிராம், முடிய பத்து நிமிடம் இருக்கும்போது 8 கிராம். பீரின் கசப்பைச் சொல்லும் ஐபியு (IBU) அளவில் 30 பக்கம் வரும். ஈஸ்ட் சாஃபேல் யுஎஸ்-05. பொட்டலத்தில் 11.5 கிராம் இருக்கும், அது 20 லிட்டருக்கானது என்பதால் பாதிக்கும் குறைவாக, 5 கிராம் எடுத்தாள். இந்த அளவில் சமையலறைத் தராசு போதாது. 8 கிராமில் இரண்டு கிராம் தவறினால் கசப்பு கால் பங்கு மாறிவிடும். பத்தில் ஒரு கிராம் காட்டும் சின்ன நகைத் தராசு ஒன்று வாங்கிவிடுவது நல்லது.

8 லிட்டர் என்ற கணக்கு இப்படி வந்தது: கடைசியில் 5 லிட்டர் வேண்டும், ஒரு மணி நேரக் கொதியில் 2.2 லிட்டர் ஆவியாகும், பிழிந்த பிறகும் சக்கை 0.8 லிட்டரைப் பிடித்துக்கொள்ளும். பானை 12 லிட்டர், எனவே தானியத்தோடு சேர்ந்தும் இடம் மிச்சம் இருந்தது.

தண்ணீரை 69.5 டிகிரிக்குச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, பையை விரித்து, மால்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கட்டி இல்லாமல் கிளறினாள். அறை வெப்பத்தில் இருந்த மால்ட் சூட்டை வாங்கிக்கொள்ள, மாஷ் சரியாக 66.5-இல் நின்றது. பானையைத் துண்டுகளால் சுற்றி வைத்தாள். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தபோது 61. பையைத் தூக்கி வடியவிட்டு, தடித்த ரப்பர் கையுறை போட்டுப் பிழிந்தாள். பிழிந்தால் துவர்ப்பு இறங்கும் என்று பயப்படுபவர்கள் உண்டு. துவர்ப்பு இறங்குவது மிகையான சூட்டாலும் மாஷின் அமிலத்தன்மை குறைவதாலும்தான். தாராளமாகப் பிழியலாம்.

கொதிக்கும் முன் பானையில் 7.2 லிட்டர், அடர்த்தி 1.031. கொதித்து ஆறியபின் 5.6 லிட்டர், 1.040. மாதிரிகளை 20 டிகிரிக்கு ஆற வைத்தே அளந்திருக்கிறாள், அது முக்கியம். சூடான வோர்ட்டில் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், இல்லாத பிரச்சினைக்குக் காரணம் தேடிக்கொண்டிருப்போம்.

அடியில் தங்கிய கசடை விட்டு மற்றதை 10 லிட்டர் உணவுத்தர பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, ஈஸ்ட் தூவி, மூடியில் ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) பொருத்தி வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்தாள். இலையுதிர் காலம், 18 டிகிரி. மெல்பர்னில் தொடங்க அதுதான் நல்ல பருவம். கோடையில் 40 டிகிரி அடிக்கும் நாள்களில் இதே ஈஸ்ட் கடும் மணங்களைக் கக்கும். வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துப் பனிக்கட்டி பாட்டில் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

இரண்டு வாரம் கழித்து 1.007. அடுத்தடுத்து மூன்று நாள் அளந்து அதே எண் நின்ற பிறகே பாட்டிலில் அடைத்தாள். பாட்டிலில் நுரை வர லிட்டருக்கு 6.5 கிராம் சர்க்கரை, 14 பாட்டில். பீரில் கெட்ட சுவை ஒன்றும் இல்லை, சுத்தமாக இருந்தது. ஆனால் "தண்ணியா இருக்கு" என்றாள். சரியான தீர்ப்பு.

பத்து புள்ளியைப் பிரித்துப் பார்த்தால்

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் சொல்வது "எஃபிஷியன்சி (மால்ட்டிலிருந்து சர்க்கரை எடுக்கும் திறன்) குறைவு, அடுத்த முறை மால்ட்டைக் கூட்டு" என்பதுதான். கூட்டினால் எண் சரியாகிவிடும் என்பது உண்மை. ஆனால் எங்கே தொலைந்தது என்று தெரியாமலே அதை மூடிவிடுகிறோம். அடுத்த பை மால்ட் வேறு மாதிரி உடைந்து வந்தால் எண் மறுபடி நழுவும்.

அடர்த்தியை மட்டும் பார்க்காமல், அடர்த்திப் புள்ளியை லிட்டரால் பெருக்கிப் பார்க்க வேண்டும். அதுதான் பானையில் உண்மையில் இருக்கும் சர்க்கரை. அவள் திட்டம்: 50 புள்ளி, 5 லிட்டர், ஆக 250. கிடைத்தது: 40 புள்ளி, 5.6 லிட்டர், ஆக 224. குறைந்தது 26 மட்டும், பத்தில் ஒரு பங்கு. அந்த 224-ஐ 5 லிட்டரில் வைத்திருந்தால் ஹைட்ரோமீட்டர் 1.045 காட்டியிருக்கும். ஆக, காணாமல் போன பத்து புள்ளியில் பாதி தொலையவே இல்லை, அதிகமாக நின்ற 600 மில்லிலிட்டர் தண்ணீரில் கரைந்து கிடந்தது.

சிறு அளவின் தொல்லை இதுதான். 20 லிட்டரில் 600 மில்லிலிட்டர் கூடினால் 3 சதவீதம், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஐந்து லிட்டரில் அது 12 சதவீதம். ஒரு மணி நேரத்தில் 2.2 லிட்டர் ஆவியாகும் என்ற எண்ணை அவள் ஒரு செய்முறைக் குறிப்பிலிருந்து எடுத்திருந்தாள். அது அகன்ற பானைக்கும் வலுவான கேஸ் அடுப்புக்கும் உரியது. அவளுடையது குறுகலான பானை, வாடகை வீட்டின் பழைய மின் அடுப்பு. 1.6 லிட்டர்தான் ஆவியானது. இந்த எண் ஒவ்வொரு பானைக்கும் அடுப்புக்கும் வேறு, யாரிடமும் கடன் வாங்க முடியாது. மால்ட் வாங்கும் முன்பே வெறும் தண்ணீரை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு அளந்துவிட்டால் தெரிந்துவிடும். உயரத்தை அளக்க ஒரு எவர்சில்வர் ஸ்கேல் போதும்: 26 செ.மீ. விட்டமுள்ள பானையில் ஒரு செ.மீ. உயரம் அரை லிட்டருக்குச் சற்று மேல். கொதிநிலையில் அளந்தால் ஆறியபின் நான்கு சதவீதம் சுருங்கும் என்பதையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

மீதிப் பாதி, அதாவது உண்மையாகவே கிடைக்காத 26, எங்கே போனது? சர்க்கரை இரண்டு இடத்தில் தொலையலாம். மாவுச்சத்து சர்க்கரையாக மாறாமலே தானியத்துக்குள் இருந்துவிடலாம். அல்லது மாறிய சர்க்கரை சக்கை பிடித்துக்கொண்ட ஈரத்தோடு குப்பைக்குப் போயிருக்கலாம். முதலாவதற்கு மருந்து மாஷில், இரண்டாவதற்கு மருந்து பிழிவதில்.

இதைப் பிரித்துக் காட்டும் அளவு அவளிடம் தயாராக இருந்தது. பையைத் தூக்கியதும் எடுத்த அந்த 1.031. பானையில் எவ்வளவு நிற்கிறது, எவ்வளவு சக்கையில் போனது என்பதெல்லாம் இந்த எண்ணைப் பாதிக்காது. எவ்வளவு தண்ணீரில் எவ்வளவு சர்க்கரை கரைந்தது என்பதை மட்டுமே அது சொல்லும். 1.2 கிலோ பேல் மால்ட்டின் மாவுச்சத்து முழுதாக மாறினால் சுமார் 920 கிராம் கரைபொருள் கிடைக்கும். அது 8 லிட்டரில் கரைந்தால் 1.041 காட்டும். அவளுக்குக் கிடைத்த 1.031-ஐக் கணக்கிட்டால் நான்கில் மூன்று பங்குதான் மாறியிருக்கிறது. நன்றாக நடந்த மாஷில் 90 சதவீதத்துக்கு மேல் மாறும். பிழிவதில் கோளாறு இல்லை. மாவுச்சத்து தானியத்துக்குள்ளேயே பூட்டிக் கிடந்திருக்கிறது.

மாறாமல் போகக் காரணம் என்ன என்று நான்கை எடுத்துப் பார்த்தோம். வெப்பம் 66.5-இலிருந்து 61-க்கு இறங்கியது. அந்த வரம்பில் நொதிகள் மெதுவாகும், ஆனால் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். நேரம் ஒரு மணி, போதுமானது. தண்ணீர்: மெல்பர்ன் தண்ணீரில் பெரும்பகுதி காட்டு நீர்ப்பிடிப்புகளிலிருந்து வருவது, மிக மென்மையானது, கால்சியம் மிகக் குறைவு. வெளிர் மால்ட் மட்டும் போட்டு இவ்வளவு தண்ணீர் ஊற்றும்போது மாஷின் பிஎச் (அமிலத்தன்மை கூடினால் இறங்கும் எண்) வேண்டிய 5.2–5.6-ஐத் தாண்டி நிற்கும். அதனாலும் கொஞ்சம் குறைந்திருக்கலாம். நான்காவது, மால்ட் உடைந்த விதம்.

அங்கேதான் நேரடிச் சாட்சி கிடைத்தது. சக்கையை அவள் செடிகளுக்கு உரமாகப் போடக் கொல்லையில் கொட்டி வைத்திருந்தாள். ஒரு கைப்பிடி எடுத்துப் பரப்பிப் படம் அனுப்பச் சொன்னேன். உடையாத முழுத் தானியங்கள் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தன. இரண்டாக மட்டும் பிளந்தவை இன்னும் நிறைய. முழுசாக இருந்த ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே வெள்ளையாக மாவு. தண்ணீர் புகாத இடத்தில் நொதி வேலை செய்யாது.

கடைக்காரரையும் குறை சொல்ல முடியாது. கடை மில்லின் உருளைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பொதுவாக ஒரு மில்லிமீட்டர், அதற்கும் சற்று மேல் வைத்திருப்பார்கள். பழைய மூன்று பாத்திர முறைக்கு அதுதான் சரி. அங்கே உமிதான் வடிகட்டி. உமி கிழியாமல் முழுசாக இருந்தால்தான் தானியப் படுகை வழியே வோர்ட் வடியும், மாவாக அரைத்தால் அடைத்துக்கொண்டு நின்றுவிடும். பை முறையில் வடிகட்டுவது துணி. உமியை நாம் காப்பாற்ற வேண்டியதே இல்லை. எனவே இடைவெளியை 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டருக்கு இறக்கலாம், அல்லது அதே மில்லில் இரண்டு முறை ஓட்டச் சொல்லலாம். குருணையும் ரவையும் கொஞ்சம் மாவும் கலந்த பதம் வர வேண்டும். முழுத் தானியம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பை முறையில் தொடங்குபவர்கள் மால்ட் வாங்கும்போது, எந்த முறைக்கு என்பதைக் கடையில் சொல்லியே வாங்க வேண்டும். ஐந்து நொடி வேலை.

தண்ணியா இருந்ததற்கு வேறு காரணமும் உண்டு

1.040-இல் தொடங்கிய பீர் 1.050-இல் தொடங்கியதைவிட மெலிதாகத்தான் இருக்கும். ஆனால் 1.007 வரை இறங்கியது அதற்கு மேல் ஒரு காரணத்தைக் காட்டுகிறது.

மாஷில் முக்கியமாக வேலை செய்வது இரண்டு நொதிகள். பீட்டா அமைலேஸ் 60 முதல் 65 டிகிரி வரை சுறுசுறுப்பு. ஈஸ்ட் எளிதில் தின்னும் சின்னச் சர்க்கரைகளை வெட்டித் தரும். ஆல்ஃபா அமைலேஸுக்கு 70 பக்கத்துச் சூடு பிடிக்கும். அது பெரிய துண்டுகளாக வெட்டும், அவற்றில் சில ஈஸ்டுக்கு ஆகாமல் பீரிலேயே தங்கி வாய்க்குக் கனம் தரும். 66–67 டிகிரி என்பது இரண்டுக்கும் நடுவே எடுக்கும் சமரசம். அவளுடைய மாஷ் தொடங்கியது அங்கே. ஆனால் கீழே இறங்கிப் பீட்டா அமைலேஸுக்கு வசதியான இடத்தில் பெரும்பகுதி நேரத்தைக் கழித்திருக்கிறது. கிடைத்த சர்க்கரை முழுக்கவே ஈஸ்டுக்கு ஏற்றதாகிவிட்டது, தின்று தீர்த்துவிட்டது.

இதுவும் சிறு அளவின் குணம்தான். 30 லிட்டர் மாஷ் ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு டிகிரிதான் இழக்கும். எட்டு லிட்டருக்கு உடம்பு சிறியது, வெளிப்பரப்பு அதற்கு விகிதத்தில் பெரியது, துண்டு சுற்றினால் போதாது. இடையில் அடுப்பைப் பற்ற வைத்துச் சூடேற்றலாம் என்று தோன்றும். பை பானையின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் துணி கருகி ஓட்டையாகும்; அடியில் தட்டோ கம்பி ஸ்டாண்டோ வைத்தால்தான் அது ஆகும். ஓவன் இருக்கிறவர்களுக்கு அதைவிட எளிய வழி உண்டு. ஓவனை 65–70 டிகிரிக்குச் சூடாக்கி அணைத்துவிட்டு மூடிய பானையை உள்ளே வைத்துவிடலாம். ஐந்து லிட்டர் காய்ச்சுபவருக்கு மட்டுமே கிடைக்கும் சலுகை இது, பெரிய பானை ஓவனுக்குள் போகாது.

அடுத்த காய்ச்சல்

மாற்றியவை மூன்று: மால்ட்டை 0.8 மில்லிமீட்டர் இடைவெளியில் உடைத்து வாங்கினாள். மாஷை ஓவனில் வைத்தாள். தண்ணீரை 8-இலிருந்து 7.4 லிட்டராகக் குறைத்தாள். மால்ட் அதே 1.2 கிலோ, ஹாப்ஸ் அதே, ஈஸ்ட் அதே.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று ஆய்வகப் பழக்கத்தில் அவள் வாதாடினாள். பொதுவாக நானும் அந்தக் கட்சிதான். இங்கே மூன்றையும் சேர்த்து மாற்றலாம் என்று சொன்னதற்குக் காரணம், மூன்றும் மூன்று வேறு எண்களில் தெரியும். உடைப்பு சரியானதா என்பதைப் பையைத் தூக்கியதும் எடுக்கும் அடர்த்தி சொல்லும். ஓவன் பலித்ததா என்பதை வெப்பமானியும் கடைசி அடர்த்தியும் சொல்லும். தண்ணீர்க் கணக்கைப் பானையின் கடைசி அளவு சொல்லும். வெப்பம் நிலையாக நின்றது மாவுச்சத்து மாறுவதற்கும் சிறிது உதவியிருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நான்கில் ஒரு பங்கு மாறாமல் கிடந்ததை ஐந்து டிகிரி வித்தியாசம் மட்டும் விளக்காது.

பையைத் தூக்கியதும் 1.041. தண்ணீர் குறைந்திருப்பதால் இப்போது முழு மாற்றத்துக்கான எல்லை 1.044-க்குச் சற்று மேல். ஆக 92 சதவீதம் மாறியிருக்கிறது. மாஷ் 66.5-இல் தொடங்கி 65-இல் முடிந்தது. கொதித்து ஆறியபின் சரியாக 5 லிட்டர், 1.054. சர்க்கரைக் கணக்கு 270. அதே எடை மால்ட்டிலிருந்து முதல் முறை கிடைத்தது 224.

நொதித்து முடிந்ததும் 1.011. ஆல்கஹால் 5.6 சதவீதம், அவள் விரும்பியதைவிடச் சற்று அதிகம். வாயில் கனம் வந்திருந்தது, மால்ட்டின் ரொட்டி மணம் தெரிந்தது, ஹாப்ஸின் சாத்துக்குடி மணமும் அதன் மேல் நின்றது. நல்ல பீர் அது.

முதல் முறை மட்டும் ஏன் கசப்பு அவ்வளவு முன்னால் நின்றது என்பதும் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஹாப்ஸ் எடை இரண்டு தடவையும் ஒன்றுதான். அடர்த்தி குறைந்த வோர்ட்டில் கசப்புக்கு எதிரே நிற்க இனிப்பு இல்லை.

இப்போது அவளிடம் தன் அடுப்புக்குரிய எண்கள் இருக்கின்றன: மணிக்கு 1.6 லிட்டர் ஆவி, கிலோவுக்கு முக்கால் லிட்டருக்குள் சக்கையில் தங்கும் ஈரம், மால்ட் தரக்கூடிய அதிகபட்சத்தில் 76 சதவீதம் பானைக்கு வருகிறது. இவற்றை வைத்துப் பார்த்தால் 1.050-க்கு 1.2 கிலோ தேவையே இல்லை, 1.1 கிலோ போதும். தண்ணீர் 7.3 லிட்டர்.

இன்னும் தொடாமல் இருப்பது தண்ணீரின் தாதுக்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் மால்ட்டின் ஃபீனால்களோடு சேர்ந்தால் மருந்துப் பிளாஸ்திரி வாடை வரும். அதற்கு முந்திய இரவே தண்ணீரைத் திறந்து வைத்துவிடுகிறாள், இதுவரை அந்த வாடை வரவில்லை. அடுத்த காய்ச்சலில் 1.5 கிராம் ஜிப்சமும் 1 கிராம் கால்சியம் குளோரைடும் சேர்க்கப் போகிறாள், லிட்டருக்கு 85 மில்லிகிராம் பக்கம் கால்சியம் வரும். மாஷின் பிஎச் கொஞ்சம் இறங்கும், பீர் சீக்கிரம் தெளியும். இந்த முறை அதை மட்டும்தான் மாற்றுகிறாள். 92 சதவீதம் 95 ஆகிறதா என்று பையைத் தூக்கியதும் எடுக்கும் அந்த ஒரு அளவில் தெரிந்துவிடும்.